பெயர் கொல்லி, பாதி வேலை பேச்சு: இயற்கைக் கொல்லி செல்களும் அழற்சியும்

சில குழந்தைகள் ஒரு விநோதமான மரபுக் கோளாறோடு பிறக்கிறார்கள். வைரஸ் புகுந்த செல்களைக் கொல்ல வேண்டிய வெள்ளணுக்கள் அவர்கள் உடம்பில் இருக்கின்றன. எண்ணிக்கையிலும் பெரிய குறை இல்லை. ஆனால் அவற்றால் கொல்ல முடியாது, ஆயுதம் பழுது. இப்படிப்பட்ட குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்டால், "எதிர்ப்புச் சக்தி இல்லாமல் துவண்டு போகும்" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. காய்ச்சல் இறங்குவதே இல்லை. கல்லீரலும் மண்ணீரலும் வீங்குகின்றன. ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் எண்கள் எல்லாம் எகிறிக் கிடக்கின்றன. எதிர்ப்பு நிற்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் உயிருக்கு ஆபத்து.

கொல்லும் செல்லின் கையைக் கட்டிப்போட்டால் அழற்சி ஏன் கூடுகிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் இயற்கைக் கொல்லி செல்களைப் பற்றி முக்கியமான எல்லாமே வந்துவிடும். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளை வைத்து இவற்றை என்கே செல்கள் என்பார்கள். இனி நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

பெயர் வந்த விதம்

1970களின் நடுவில் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அமெரிக்காவில் ரொனால்டு ஹெர்பர்மனின் குழுவினரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒன்றைக் கவனித்தார்கள். எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த சில வெள்ளணுக்கள், புற்றுநோய்ச் செல்களோடு சேர்த்து வைத்ததுமே அவற்றைக் கொன்றன. அந்த எலிகளுக்கு அந்தப் புற்றுநோய்ச் செல்களை முன்பின் தெரியாது. அன்றைய புரிதல்படி இது நடக்கக் கூடாத காரியம். ஒரு வெள்ளணு கொல்ல வேண்டுமானால் முதலில் எதிரியை அடையாளம் கற்றுக்கொள்ள வேண்டும், பெருக வேண்டும், அப்புறம்தான் தாக்குதல் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்த முன்னனுபவமில்லாத கொலையை, சோதனையில் வரும் தேவையற்ற இரைச்சல் என்றே பலர் ஒதுக்கிவிட்டார்கள். கற்றுக்கொள்ளாமலே, இயல்பாகவே கொல்கின்றன என்பதால் இயற்கைக் கொல்லி என்ற பெயர் வந்தது.

அன்று இதை அளந்த முறையையும் சொல்லிவிடுகிறேன், பெயரின் கதை அதில்தான் இருக்கிறது. இலக்குச் செல்களைக் கதிரியக்கக் குரோமியத்தில் ஊறவைப்பார்கள். அவை குரோமியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு வெள்ளணுக்களைச் சேர்த்துச் சில மணி நேரம் விட்டுவிட்டு, வெளித் திரவத்தில் எவ்வளவு கதிரியக்கம் கசிந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். செல் செத்தால் சவ்வு கிழிந்து குரோமியம் வெளியே வரும். கசிவு எவ்வளவோ, கொலை அவ்வளவு. அருமையான சோதனைதான். ஆனால் அதே திரவத்தில் அந்த வெள்ளணுக்கள் என்னென்ன புரதங்களைச் சுரந்துவிட்டிருந்தன என்பது இந்தக் கணக்கில் வராது. அளந்தது கொலையை மட்டும், ஒட்டிக்கொண்ட பெயரும் அதுதான்.

யாரைக் கொல்வது என்று எப்படி முடிவெடுக்கின்றன? உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் எம்எச்சி முதல் வகை என்ற புரதத்தை மேற்பரப்பில் வைத்திருக்கின்றன. என்கே செல் ஒவ்வொரு செல்லாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். அந்தப் புரதம் கையில் பட்டால் அடங்கிவிடும். சில வைரஸ்களும் பல புற்றுநோய்ச் செல்களும் டி செல்களின் (எதிரியைக் கற்றுக்கொண்டு தாக்கும் வெள்ளணுக்களின்) கண்ணில் படாமலிருக்க அந்தப் புரதத்தை மறைத்துவிடுகின்றன. மறைத்ததே வினையாகி, என்கே செல்லிடம் மாட்டிக்கொள்கின்றன. 1980களில் கிளாஸ் கேரே இதை விளக்கினார். இது தவிர, ஒரு செல் அல்லாடும்போது அதன் மேற்பரப்பில் தலைகாட்டும் சில நெருக்கடிப் புரதங்களையும் என்கே செல் கவனிக்கும். இந்த இரண்டாவது விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காதோடு காதாக

சரி, அழற்சி என்றால் என்ன? அடிபட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறதே, அதுதான். அந்த இடத்து ரத்தக் குழாய்கள் விரிகின்றன, சுவர்கள் கொஞ்சம் தளர்ந்து கசியவிடுகின்றன, வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து திசுவுக்குள் இறங்குகின்றன. இது நோயல்ல, நோய்க்கு உடம்பு கொடுக்கும் பதில். எப்போது தொடங்குவது, எவ்வளவு உரக்க, எப்போது நிறுத்துவது என்பதில்தான் சிக்கல் எல்லாம்.

அந்தப் பேச்சுவார்த்தை நடக்கும் மொழிதான் சைட்டோகைன்கள். ஒரு செல் சுரந்து இன்னொரு செல் படித்துக்கொள்ளும் சின்னச் சின்னப் புரதங்கள். அவற்றைப் பிடிக்கிற ஏற்பி எந்தச் செல்லிடம் இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் செய்தி கேட்கும். பெரும்பாலும் இது காதோடு காதாகப் பேசுவது: சுரந்த செல்லுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும். மிகக் குறைந்த அளவே போதும். அதே சைட்டோகைன் ரத்தத்தில் நிரம்பி உடம்பு முழுக்கத் தண்டோரா போடத் தொடங்கினால் அது வேறு கதை, நாம் தொடங்கிய குழந்தையின் கதை.

சைட்டோகைன்களை நல்லவை, கெட்டவை என்று இரண்டாகப் பிரித்துப் பட்டியல் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே சைட்டோகைன் முதல் நாளில் உயிரைக் காக்கும், பத்தாம் நாளில் திசுவை அரிக்கும். சொல் அதேதான், சொன்ன நேரமும் இடமும் வேறு.

என்கே செல்லை எழுப்புவது யார்

ரத்தத்தில் ஓடும் நிணநீர் அணுக்களில் (வெள்ளணுக்களில் ஒரு வகை) சுமார் 5 முதல் 15 சதவீதம் என்கே செல்கள். அவை சும்மா இருக்கும்போதும் உயிரோடு இருக்க ஒரு சைட்டோகைன் வேண்டும்: இன்டர்லூக்கின்-15, சுருக்கமாக ஐஎல்-15. அது கிடைக்கும் விதம் அழகானது. டெண்ட்ரைட்டிக் செல் என்ற வெள்ளணு ஐஎல்-15-ஐ வெளியே கொட்டுவதில்லை. தன் மேற்பரப்பில் ஒரு ஏற்பியின் மேல் உட்காரவைத்து ஏந்திக்கொண்டு நிற்கும். என்கே செல் அருகில் வந்து உரசினால்தான் கிடைக்கும். கைக்குக் கை மாறுகிற பொருள். ஐஎல்-15 இல்லாத எலிகளில் என்கே செல்களே அனேகமாக இருப்பதில்லை.

தொற்று வந்ததும் கதை மாறுகிறது. கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுவும் டெண்ட்ரைட்டிக் செல்லும் ஐஎல்-12 சுரக்கத் தொடங்குகின்றன. (1989-இல் ஜோர்ஜியோ டிரிங்கியேரியின் குழு இதைப் பிரித்தெடுத்தபோது வைத்த பெயரே "என்கே செல்லைத் தூண்டும் காரணி" என்பதுதான். பிறகுதான் எண் போட்டார்கள்.) கூடவே ஐஎல்-18 வருகிறது. இந்த ஐஎல்-18 புதிதாகத் தயாரிக்க வேண்டிய சரக்கு இல்லை. செல்லுக்குள் ஏற்கெனவே செயலற்ற வடிவில் கிடக்கும். உள்ளே ஆபத்து என்று தெரிந்ததும் காஸ்பேஸ்-1 என்ற நொதி அதன் ஒரு துண்டை வெட்டிவிடும், அப்போதுதான் அது உயிர் பெற்று வெளியேறும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஐஎல்-12 என்கே செல்லின் மேல் வந்து இறங்குகிறது. அதன் ஏற்பிக்கு இரண்டு கிளைகள். ஐஎல்-12 அமர்ந்ததும் இரண்டும் நெருங்கி வருகின்றன. செல்லுக்கு உட்புறம் அந்தக் கிளைகளின் வாலில் ஜேக் என்ற நொதிகள் தொற்றிக்கொண்டிருக்கும். அவை நெருங்கியதும் ஒன்றையொன்று தட்டி எழுப்பி, ஏற்பியின் வாலில் பாஸ்பேட் குழுக்களை ஒட்டுகின்றன. அந்த இடத்தில் ஸ்டாட்-4 என்ற புரதம் வந்து ஒட்டி, தானும் பாஸ்பேட் வாங்கிக்கொண்டு, இன்னொரு ஸ்டாட்-4-உடன் ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் நுழைகிறது. அங்கே இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனின் மரபணுவுக்கு அருகே போய் அமர்கிறது. சவ்விலிருந்து உட்கரு வரைக்கும் ஒரே ஒரு தூதன்தான், இடைத்தரகர் கிடையாது.

ஐஎல்-18 வேறு வழியாக வருகிறது. அதன் செய்தி என்எஃப்-கப்பா-பி என்ற இன்னொரு புரதத்தின் மூலம் உட்கருவை அடைகிறது. ஒன்று மட்டும் வந்தால் என்கே செல் மெல்லத்தான் அசையும். இரண்டும் சேர்ந்து வந்தால் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமாவின் அளவு, இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்துக் கூட்டினால் வருவதைவிடப் பல மடங்கு. ஏன் இப்படி? ஐஎல்-12, கிருமியைக் கண்ட செல்லின் வாக்குமூலம். ஐஎல்-18, உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்று அறிந்த செல்லின் வாக்குமூலம். இரண்டு சாட்சிகள் வெவ்வேறு வழியில் வந்து ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் நம்புவது என்ற ஏற்பாடு. ஐஎல்-12 பட்ட என்கே செல் தன் மேற்பரப்பில் ஐஎல்-18 ஏற்பிகளையும் கூட்டிக்கொள்கிறது, அதாவது முதல் சாட்சி வந்ததுமே அடுத்த சாட்சிக்குக் காதைத் தீட்டிக்கொள்கிறது.

என்கே செல் என்ன சொல்கிறது

எழுந்ததும் சொல்லும் முக்கியமான சொல் இன்டர்ஃபெரான் காமா. எலிகளில் பார்த்தபோது, ஓய்வில் இருக்கும் என்கே செல்லிலேயே இதற்கான ஆர்என்ஏ நகல்கள் தயாராக இருந்தன. கடிதத்தை முன்பே எழுதி வைத்துவிட்டு, அனுப்பச் சொல்லும் உத்தரவுக்குக் காத்திருக்கிற மாதிரி. அதனால்தான் வேகம். புதிதாகச் சந்திக்கும் ஒரு வைரஸுக்கு எதிராக டி செல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகிக் களத்துக்கு வரக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். அந்த இடைவெளியின் முதல் சில நாட்களில் இன்டர்ஃபெரான் காமாவின் பெரும் பங்கு என்கே செல்களிடமிருந்து வருகிறது.

இதை முதலில் கேட்பது மேக்ரோஃபேஜ். கிருமியை விழுங்கிவிட்டு, செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் உண்டு. அவற்றைக் கொம்பு சீவி விடுவது இன்டர்ஃபெரான் காமாதான். அது பட்டதும் விழுங்கிய கிருமியை அழிக்கும் வேதிப்பொருள்கள் பெருகுகின்றன, கிருமியின் துண்டுகளை மேற்பரப்பில் எடுத்துக் காட்டும் திறன் கூடுகிறது, டி செல்களை வரவழைக்கும் கெமோகைன்கள் என்ற அழைப்புப் புரதங்கள் வெளியாகின்றன. தவிர என்கே செல் டிஎன்எஃப் என்ற சைட்டோகைனையும் விடுகிறது. அது ரத்தக் குழாய்ச் சுவரை ஒட்டும்தன்மை கொண்டதாக மாற்றும், ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள் அங்கே ஒட்டி உள்ளே இறங்கும். எக்ஸ்சிஎல்-1, சிசிஎல்-5 போன்ற கெமோகைன்களால் டெண்ட்ரைட்டிக் செல்களையும் கூப்பிட்டுக்கொள்கிறது.

இப்போது வட்டத்தைக் கவனியுங்கள். மேக்ரோஃபேஜ் ஐஎல்-12 சுரக்கிறது, என்கே செல் எழுகிறது. என்கே செல் இன்டர்ஃபெரான் காமா சுரக்கிறது, மேக்ரோஃபேஜ் இன்னும் முறுக்கேறி இன்னும் அதிக ஐஎல்-12 சுரக்கிறது. ஒருவரையொருவர் ஏற்றிவிட்டுக்கொண்டே போகிற கூட்டு. தொற்றின் தொடக்கத்தில் இது வேண்டும். ஆனால் இதற்குள்ளேயே நிறுத்தும் வழியும் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் வீடு பற்றிக்கொள்ளும்.

நடுவில் ஒன்று: எல்லா என்கே செல்களும் ஒரே மாதிரி அல்ல. சிடி56 என்ற மேற்பரப்புப் புரதம் அதிகமாக உள்ளவை, குறைவாக உள்ளவை என்று மனிதர்களில் இரண்டு பெரிய வகை. ரத்தத்தில் சுமார் 90 சதவீதம் குறைவாக உள்ள வகை. இவை கொலையில் தேர்ந்தவை. அதிகமாக உள்ள வகை ரத்தத்தில் கொஞ்சம்தான், நிணநீர்க்கணுக்களில் நிறைய. சைட்டோகைன் கட்டளைக்கு அதிகம் பேசுபவை இவைதான். பேசுபவர் பேசுவார், கொல்பவர் கொல்வார் என்று கறாராகப் பிரிக்க முடியாது. கொல்லும் வகையும் இலக்கைத் தொட்டதும் தாராளமாக இன்டர்ஃபெரான் காமா சுரக்கும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் கருப்பையின் உட்சுவரில் உள்ள வெள்ளணுக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் என்கே செல்கள். அவை அங்கே கொலை செய்வதில்லை. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் போகும்படி தாயின் ரத்தக் குழாய்களைச் சீரமைக்க உதவுகின்றன. "கொல்லி" என்ற பெயர் இங்கே முழுக்கப் பொருந்தாமல் போகிறது.

நிறுத்துவது எப்படி

முதல் தடை செல்லுக்குள்ளேயே இருக்கிறது. இன்டர்ஃபெரான் காமா ஒரு செல்லை எழுப்பும்போதே, அதே செல்லுக்குள் சாக்ஸ்-1 என்ற புரதத்தையும் உருவாக்க வைக்கிறது. சாக்ஸ்-1 போய் ஜேக் நொதிகளை அமுக்கிவிடும். செய்தியோடு சேர்த்தே செய்தியை நிறுத்தும் ஆளையும் அனுப்புவது போல. இந்த ஒரு மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகள் பிறந்து மூன்று வாரங்களுக்குள் அழற்சியால் இறந்துபோகின்றன. இன்டர்ஃபெரான் காமாவையும் சேர்த்து நீக்கிவிட்டால் பிழைக்கின்றன. எவ்வளவு பெரிய நெருப்பை எவ்வளவு சின்னத் தடை கட்டிவைத்திருக்கிறது பாருங்கள்.

இரண்டாவது தடை எதிர்ச்சொற்கள்: ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா. மேக்ரோஃபேஜ்களும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் இவற்றைச் சுரந்து சுற்றுப்புறத்தை அடங்கச் சொல்கின்றன. டிஜிஎஃப்-பீட்டா நேராக என்கே செல்லையே மந்தமாக்கும்.

மூன்றாவது தடைதான் நம் கேள்விக்கான விடை: கொலை.

அல்லாடும் செல்லின் மேற்பரப்பில் நெருக்கடிப் புரதங்கள் தலைகாட்டும் என்று முன்னால் சொன்னேன். வைரஸ் புகுந்த செல் மட்டும் அப்படி அல்லாடுவதில்லை. அளவுக்கு மேல் முறுக்கேறிய மேக்ரோஃபேஜும், வெறித்தனமாகப் பெருகும் டி செல்லும் அதே புரதங்களைக் காட்டக்கூடும். அப்போது என்கே செல் அவற்றையும் கொல்கிறது. சரியாக முதிராத டெண்ட்ரைட்டிக் செல்களையும் களையெடுக்கிறது. அதாவது அழற்சியைத் தூண்டிவிட்டவர்களையே, வேலை முடிந்ததும் எண்ணிக்கையில் குறைத்துவிடுகிறது. கொல்லும் டி செல்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவையும் அதே ஆயுதத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

அந்த ஆயுதத்தின் பெயர் பெர்ஃபோரின். இலக்குச் செல்லின் சவ்வில் துளை போடும் புரதம். துளை வழியாக கிரான்சைம் என்ற நொதிகள் உள்ளே போய், செல்லைத் தானே சாகும் பாதையில் தள்ளிவிடுகின்றன. பெர்ஃபோரின் மரபணு இரண்டு பிரதிகளிலும் பழுதானால் வருகிற நோயைத்தான் முதலில் சொன்னேன். எச்எல்எச் என்பது அதன் சுருக்கப் பெயர். ரத்த அணு விழுங்கும் நோய் என்று தமிழில் சொல்லலாம், ஏனென்றால் அதில் மேக்ரோஃபேஜ்கள் எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே சொந்த ரத்த அணுக்களை விழுங்கிக்கொண்டிருப்பதை நுண்ணோக்கியில் பார்க்க முடியும். பெர்ஃபோரின் பழுதுதான் இந்த நோயின் பரம்பரை வடிவங்களில் ஒன்றுக்குக் காரணம் என்று 1999-இல் தெரியவந்தது.

இப்போது கோத்துப் பாருங்கள். சாதாரணமான ஒரு வைரஸ் வருகிறது. என்கே செல்லும் டி செல்லும் எழுகின்றன, இன்டர்ஃபெரான் காமா பாய்கிறது, மேக்ரோஃபேஜ் முறுக்கேறுகிறது. இதுவரை எல்லாம் முறைப்படிதான். ஆனால் தொற்றிய செல் சாகவில்லை, செய்தியைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. முறுக்கேறிய மேக்ரோஃபேஜையும் யாரும் குறைக்கவில்லை. வட்டம் நிற்காமல் சுழல்கிறது. இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவு ரத்தத்தில் ஏறுகிறது, ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரிகிறது. நோயைக் கண்டறிய மருத்துவர்கள் வகுத்த 2004-ஆம் ஆண்டுப் பட்டியலின் எட்டு அளவுகோல்களில் ஒன்று "என்கே செல்களின் கொல்லும் திறன் குறைவு அல்லது இல்லை" என்பது. அதே பட்டியலில் காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் ஃபெரிட்டின் ஏற்றமும் இருக்கின்றன. கொல்லும் திறன் கீழே, அழற்சி மேலே, இரண்டும் ஒரே தாளில்.

இன்னும் கிட்டே போனால் இதைவிடச் சுவாரசியமான ஒன்று தெரிகிறது. கொல்லி செல் தன் இலக்கை இறுகப் பிடித்துக்கொண்டுதான் தாக்கும். இலக்கு சாகத் தொடங்கியதும்தான் பிடி தளரும், அடுத்ததைத் தேடிப் போகும். எப்போது விடுவது என்று கொல்லி செல்லுக்குச் சொல்வதே இலக்கின் சாவுதான். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் படம்பிடித்துக் காட்டியது. பெர்ஃபோரின் வேலை செய்யாத செல், சாகாத இலக்கைப் பிடித்தபடியே வெகுநேரம் நிற்கிறது. பிடித்திருக்கும் நேரமெல்லாம் இன்டர்ஃபெரான் காமாவும் டிஎன்எஃப்பும் சுரந்துகொண்டே இருக்கிறது. கொலையும் பேச்சும் தனித்தனி வேலைகள் என்று நினைத்திருந்தோம். கொலை முடிவதுதான் பேச்சுக்கு முற்றுப்புள்ளி என்று தெரிகிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மனதில் ஆழமாக நின்ற விஷயம் இது.

சிகிச்சையும் இந்தத் தர்க்கத்தின் வழிதான். இன்டர்ஃபெரான் காமாவைப் பிடித்து முடக்கும் எமபலுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தை, மற்ற சிகிச்சைகளுக்கு அடங்காத பரம்பரை எச்எல்எச் நோய்க்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதித்தார்கள். அது பேச்சை அடக்கும். கொல்லும் திறனைத் திருப்பித் தராது. அதற்கு, ஆரோக்கியமான ஒருவரின் குருத்தணுக்களை மாற்றிப் பொருத்தத்தான் வேண்டும்.

மரபணுப் பழுது இல்லாதவர்களுக்கும் இதே போன்ற நிலை வருவதுண்டு. சிறுவயதில் வரும் ஒருவகை மூட்டழற்சி நோயில் ஐஎல்-6 அளவு மிகவும் கூடும். ஐஎல்-6 அதிகமானால் என்கே செல்லுக்குள் பெர்ஃபோரினும் கிரான்சைமும் குறைகின்றன. அழற்சியே, தன்னை அணைக்க வேண்டிய கையை முடக்கிவிடுகிறது.

என்கே செல்லே அமைதி சொல்லும்போது

தொற்று உடம்பு முழுக்கப் பரவி நீடித்தால், என்கே செல்கள் தம் பேச்சையே மாற்றிக்கொள்ளும். ஐஎல்-10 சுரக்கத் தொடங்கும். எலிகளில் சைட்டோமெகலோ வைரஸ் தொற்று நீடித்தபோது, என்கே செல்கள் விட்ட ஐஎல்-10 டி செல்களின் மிகைத் தாக்குதலைக் குறைத்துத் திசுக்களைக் காப்பாற்றியது. ஆனால் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா இதே ஐஎல்-10-ஐத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. அங்கே அமைதி சொன்னால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.

இடம் மாறினால் குணம் மாறும்

முடக்குவாதத்தில் வீங்கிய மூட்டின் திரவத்தை எடுத்துப் பார்த்தால் அதிகம் பேசும் வகை என்கே செல்கள் அங்கே குவிந்திருக்கின்றன. அவை இன்டர்ஃபெரான் காமாவும் டிஎன்எஃப்பும் விடுகின்றன. மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் எலும்பை அரிக்கும் செல்களாக மாறுவதற்கும் உதவக்கூடும் என்று சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். மூட்டில் அவை வேண்டாத விருந்தாளி.

கல்லீரலில் வேறு கதை. நீண்டகாலக் காயத்தால் கல்லீரல் தழும்பேறுவதற்குக் காரணமான நட்சத்திர வடிவச் செல்களை என்கே செல்கள் கொல்கின்றன, இன்டர்ஃபெரான் காமாவும் அவற்றை அடக்குகிறது. அங்கே அவை தழும்பைக் குறைக்கின்றன.

நரம்புகளின் உறையை உடம்பின் எதிர்ப்பே தாக்கும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோயில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கும். டாக்ளிசுமாப் என்ற மருந்து, டி செல்கள் பெருகத் தேவையான ஐஎல்-2 என்ற சைட்டோகைனைப் பிடிக்கும் ஏற்பியின் ஒரு பகுதியை மறைக்கும். டி செல்கள் பட்டினி கிடக்கும், நோய் தணியும் என்பதே முதல் கணக்கு. கொடுத்துப் பார்த்தபோது, டி செல்கள் எடுக்காமல் விட்ட ஐஎல்-2-ஐக் கொண்டு அதிகம் பேசும் வகை என்கே செல்கள் பெருகிவிட்டன. அவை தூண்டப்பட்ட டி செல்களைக் கொன்றன. எவருக்கு இந்தப் பெருக்கம் அதிகமோ அவருக்குப் பலனும் கூடுதலாகத் தெரிந்தது. 2016-இல் மருந்து அனுமதி பெற்றது. 2018-இல் மூளை அழற்சி உள்ளிட்ட கடுமையான பக்கவிளைவுகளால் உலகெங்கும் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரு பக்கம் அழற்சியை அடக்கிய மருந்து, சிலருக்கு இன்னொரு பக்கம் அழற்சியைக் கிளப்பிவிட்டது.

ஜேக் நொதிகளைத் தடுக்கும் மாத்திரைகள் முடக்குவாதத்துக்கு இப்போது பரவலாகக் கொடுக்கப்படுகின்றன. ஐஎல்-15 செய்தியும் ஜேக் வழியாகத்தான் போகிறது என்பதால் என்கே செல்களுக்கும் அடி விழலாம். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு கூடுவது தெரிந்த விஷயம். உள்ளே உறங்கிக் கிடக்கும் சின்னம்மை வைரஸ் திரும்ப எழுவதே அக்கி. அதனால்தான் மருந்து தொடங்கும் முன் அக்கித் தடுப்பூசி பற்றி மருத்துவர் பேசுவார்.

"என்கே செல்லைக் கூட்டுவது எப்படி?"

இந்தத் தலைப்பில் எதை எழுதினாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. பொடி, மாத்திரை, பானம் என்று விற்பவர்களுக்கும் பிடித்த கேள்வி. இதுவரை படித்தவருக்கு, கேள்வியே கொஞ்சம் கோணலாக இருப்பது தெரிந்திருக்கும். எதைக் கூட்ட வேண்டும்? எண்ணிக்கையையா, கொல்லும் திறனையா, பேச்சையா? மூட்டழற்சி உள்ளவருக்கு மூட்டில் அவற்றின் பேச்சு ஏற்கெனவே அதிகம். எச்எல்எச் குழந்தையிடம் எண்ணிக்கை போதும், ஆயுதம்தான் இல்லை.

எண்ணிக்கையே எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு உடற்பயிற்சி நல்ல உதாரணம். வேகமாக ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் ரத்தத்தில் என்கே செல்கள் பல மடங்கு கூடுகின்றன. புதிதாக எதுவும் பிறக்கவில்லை. அட்ரினலின் ஏறியதும் ரத்தக் குழாய்ச் சுவர்களிலும் மண்ணீரலிலும் ஒட்டிக்கொண்டிருந்தவை பிடியை விட்டு ரத்த ஓட்டத்தில் கலக்கின்றன, அவ்வளவுதான். கடுமையான பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் எண்ணிக்கை தொடக்கத்தைவிடவும் கீழே போகும். அவை திசுக்களுக்குள் போய்விடுகின்றன என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஒரே ஆளிடம் ஓட்டத்தின் நடுவில் ஒரு குழாய் ரத்தமும், முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு குழாயும் எடுத்தால், ஒரு முடிவு "மிக அதிகம்" என்றும் மற்றொன்று "குறைவு" என்றும் வரும்.